நானோவை எடைக்குப் போடலாமா?

பட்டறைப் பக்கம்

‘‘என் அப்பா 2010 கடைசியில் வாங்கிய டாடா நானோ கார் எங்களிடம் இருக்கிறது. 41,000 கி.மீ. ஓடியிருக்கிறது. அப்பா போன ஆவணியில் தவறிவிட்டார். ஆர்.சி. இன்னும் அவர் பெயரில்தான் இருக்கிறது; 15 வருடமும் முடிந்துவிட்டது. வீட்டிலிருந்து தோட்டம் 4 கி.மீ., அதில் பாதி மண் பாதை. முருங்கையும் தக்காளியும் போட்டிருக்கிறோம். மாதம் ஒருமுறை அம்மாவைத் திண்டுக்கல்லுக்குக் கண் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போக வேண்டும். ‘அந்தத் தகர டப்பாவை எடைக்குப் போட்டுவிட்டு, கடன் வாங்கியாவது பெரிய வண்டியாக எடு’ என்கிறார் மைத்துனர். பழைய இரும்புக் கடைக்காரரும் இரண்டு முறை வந்து பார்த்துவிட்டுப் போய்விட்டார். என்ன செய்யலாம்?’’

- வாசகர், வேடசந்தூர்.

அவசரப்பட்டு எடைக்குப் போடாதீர்கள். மைத்துனர் சொல்வதில் ஒரு பாதி சரிதான், அதைப் பின்னால் சொல்கிறேன். ஆனால், ‘தகர டப்பா’ என்ற பட்டப்பெயரை வைத்து எந்த முடிவுக்கும் வர வேண்டாம். இந்தப் பக்கத்துக்கு வருகிற கடிதங்களில் டிராக்டர், பவர் டில்லர், ஜீப், பொலேரோ பற்றித்தான் கேள்விகள் குவிகின்றன. நானோவைப் பற்றிக் கேட்டவர் நீங்கள் ஒருவர்தான். எனக்கு அந்த வண்டியின் மேல் தனிப் பிரியம் உண்டு. எனவே, இந்த இதழில் பக்கத்தின் பெரும்பகுதியை உங்கள் கடிதமே எடுத்துக்கொள்ளும். மற்றவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

2008 ஜனவரியில் டெல்லி வாகனக் கண்காட்சியில் ரத்தன் டாடா இந்த காரைக் காட்டியபோது, உலகமே திரும்பிப் பார்த்தது. மழையில் ஒரே ஸ்கூட்டரில் அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள் என்று நான்கு பேர் நனைந்துகொண்டு போகும் காட்சிதான் இந்த யோசனைக்கு விதை என்று அவரே சொல்லியிருக்கிறார். கிரிஷ் வாக் என்ற இன்ஜினீயரின் தலைமையில் ஒரு குழு உட்கார்ந்து, ஒவ்வொரு உதிரிபாகமாக எடுத்து ‘இது தேவையா, இதைவிட லேசாகச் செய்ய முடியுமா’ என்று யோசித்து உருவாக்கிய வண்டி. சக்கரத்துக்கு மூன்றே நட்டு. முன்கண்ணாடிக்கு ஒரே வைப்பர். 2009-ல் விற்பனைக்கு வந்தபோது, இரண்டு லட்சம் பேருக்கு மேல் பணம் கட்டினார்கள். குலுக்கல் போட்டுத்தான் முதல் ஒரு லட்சம் பேரைத் தேர்ந்தெடுத்தார்கள்.

விவசாயப் பத்திரிகையில் நானோவைப் பற்றி எழுதும்போது, சிங்கூரைத் தாண்டிப் போக முடியாது. இந்த காரைச் செய்வதற்காக மேற்கு வங்க அரசு ஹூக்ளி மாவட்டத்தில் 997 ஏக்கரைக் கையகப்படுத்தியது. வண்டல் மண், பல போகம் விளைகிற பூமி. காசோலையை வாங்க மறுத்து நின்ற விவசாயிகளின் போராட்டம் பெரிதாகி, 2008 அக்டோபரில் டாடா நிறுவனம் அங்கிருந்து கிளம்பி குஜராத்தில் சாணந்துக்குப் போனது. 2016-ல் உச்ச நீதிமன்றம், நிலம் எடுத்ததே செல்லாது என்று சொல்லி, திருப்பிக் கொடுக்க உத்தரவிட்டது. ஆனால், கான்கிரீட் கொட்டிய இடத்தை மறுபடி நெல் வயலாக்குவது எவ்வளவு பாடு என்று நமக்குத் தெரியாதா? விவசாயியின் நிலத்தை இழுத்துக்கொண்டு பிறக்கப் பார்த்த வண்டி என்ற வருத்தம் எனக்கு இன்னும் உண்டு. அந்தக் கணக்கு வேறு. உங்கள் வீட்டுக் கொட்டகையில் நிற்கிற வண்டியின் கணக்கு வேறு.

அவ்வளவு பேர் முண்டியடித்த வண்டி ஏன் விழுந்தது? ‘உலகத்திலேயே விலை குறைந்த கார்’ என்று சொல்லிச் சொல்லியே அதைக் கவிழ்த்துவிட்டார்கள். நம் ஊரில் கார் என்பது போக வர மட்டுமா? சம்பந்தி வீட்டு வாசலில் நிறுத்த வேண்டும், கல்யாண மண்டபத்தில் இறங்க வேண்டும். ‘இதற்கு மேல் இவரால் முடியவில்லை’ என்று நெற்றியில் எழுதி ஒட்டிக்கொண்டு போவதற்கு யார் காசு கொடுப்பார்கள்? விலை மலிவு என்று முன்வைத்ததுதான் தவறு என்று ரத்தன் டாடாவே பிறகு ஒப்புக்கொண்டார். ஆரம்பத்தில் சில வண்டிகள் தீப்பிடித்த செய்தியும் சேர்ந்துகொண்டது. ஆண்டுக்கு இரண்டரை லட்சம் வண்டி செய்யும் அளவுக்குக் கட்டிய சாணந்த் ஆலையில், மிக நன்றாக விற்ற 2011-12-லேயே ஏறக்குறைய 74,000தான் போனது. 2018 ஜூன் மாதம் முழுக்க அங்கே தயாரானது ஒரே ஒரு நானோ. சில மாதங்களில் தயாரிப்பே நின்றுபோனது.

ஃபிரான்ஸில் இதற்கு நேர் எதிராக ஒரு கதை நடந்தது. அங்கே சிட்ரோயன் நிறுவனத்தின் தலைவராக இருந்தவர் பியர் பூலாஞ்சே. 1930-களில் அவர் தன் இன்ஜினீயர்களிடம் கேட்டது இதுதான்: இரண்டு விவசாயிகள், 50 கிலோ உருளைக்கிழங்கு, மணிக்கு 60 கி.மீ. வேகம், 100 கி.மீ.க்கு 3 லிட்டர் பெட்ரோல். கூடவே இன்னொன்று. உழுத வயலில் ஒரு கூடை முட்டையை வைத்து ஓட்டினால், ஒரு முட்டைகூட உடையக் கூடாது! போர் வந்து வேலை நின்றது. செய்து வைத்திருந்த மாதிரி வண்டிகளை ஜெர்மன் படை கண்ணில் படாமல் ஒளித்து வைத்தார்கள். 1948 அக்டோபரில் பாரீஸ் கண்காட்சியில் திரை விலகியபோது, பத்திரிகைக்காரர்கள் சிரித்தார்கள். கூரைக்குத் துணி, அழுத்தமான மடிப்பு போட்ட தகரம், சாம்பல் நிறம் மட்டும், 375 சி.சி.யில் 9 குதிரைத் திறன். அதுதான் 2சிவி. ‘இரண்டு குதிரை’ என்று பொருள் வரும் பெயர்.

சிரித்தவர்கள் சிரிக்கட்டும் என்று கம்பெனி ஒரு வேலை செய்தது. முதலில் வந்த வண்டிகளை, தொழிலுக்குக் கட்டாயம் வண்டி தேவைப்பட்டும் பெரிய கார் வாங்க வசதி இல்லாதவர்களுக்குக் கொடுத்தது. கிராமத்து டாக்டர், கால்நடை மருத்துவர், பிரசவம் பார்க்கும் தாதி, பாதிரியார், சிறு விவசாயி. அவர்கள் கையில் அந்த வண்டி மண் பாதையில் ஓடுவதை ஊர் பார்த்தது. பிறகு வண்டி கிடைக்க வருடக்கணக்கில் காத்திருந்தார்கள். 1990 வரை 38 லட்சத்துக்கு மேல் செய்தார்கள். ரேடியேட்டர் கிடையாது, காற்றிலேயே குளிரும் இன்ஜின். பின் சீட்டைக் கழற்றி வெளியே வைத்துவிட்டு மூட்டை ஏற்றலாம். முன் சக்கரத்தையும் பின் சக்கரத்தையும் ஒரே ஸ்பிரிங் தொகுப்பில் இணைத்திருந்தார்கள். முன் சக்கரம் வரப்பில் ஏறும்போதே பின்பக்கத்துக்கும் தகவல் போய், வண்டி மட்டமாக நிற்கும். முட்டைக் கூடைக்கு வைத்தியம் அதுதான்.

நானோவையும் அப்படி முதலில் பால் சொசைட்டிக்காரருக்கும் கிராம நர்ஸுக்கும் பூக்கட்டிச் சந்தைக்குப் போகிறவருக்கும் கொடுத்திருந்தால் கதை மாறியிருக்கும் என்று நான் நினைப்பதுண்டு. நகரத்துக்காரர்கள் அதை இன்னொரு காரோடு ஒப்பிட்டார்கள். நம்மவர்கள் அதை டி.வி.எஸ். 50-யோடு ஒப்பிட்டிருப்பார்கள்.

சரி, உங்கள் வண்டிக்கு வருவோம். நானோவில் 624 சி.சி., இரண்டு சிலிண்டர் இன்ஜின் பின் சீட்டுக்குப் பின்னால், பின் சக்கரத்தின் மேலேயே உட்கார்ந்திருக்கிறது. இழுப்பதும் பின் சக்கரம்தான். உழைக்கிற சக்கரத்தின் மேலேயே எடை இருப்பதால், ஈர மண்ணிலும் மணலிலும் அது சும்மா சுற்றி நிற்பது குறைவு. முன்னால் இன்ஜின் வைத்து முன் சக்கரம் இழுக்கும் சின்ன கார்கள் ஏற்றத்தில், பின்னால் சுமையும் இருந்தால், முன் சக்கரம் லேசாகிப் பிடி தளர்ந்துவிடும். நானோவில் சுமை ஏற ஏறப் பிடி கூடும். வெறும் வண்டி எடையே ஏறக்குறைய 600 கிலோதான். சிக்கினாலும் இரண்டு பேர் தள்ளினால் வெளியே வந்துவிடும். தரையிலிருந்து 180 மி.மீ. உயரம் இருப்பதால், மாட்டு வண்டித் தடத்தில் நடுத்திட்டு அவ்வளவு எளிதாக அடியில் தட்டாது. நான்கு மீட்டர் ஆரத்தில் திரும்பிவிடும். கிணற்று மேட்டில், களத்து மூலையில் வண்டியைத் திருப்பப் படாதபாடு படுகிறவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

உயரமான கூரை இன்னொரு வசதி. முழங்கால் வலிக்காரர்கள் குனியாமல் ஏறி இறங்கலாம். உங்கள் அம்மாவிடம் கேட்டுப் பாருங்கள்.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். உங்களுடையது முதல் தலைமுறை வண்டி. பின்கதவு மாதிரி தெரியுமே தவிர, திறக்காது. திறக்கும் கதவு 2015-ல்தான் வந்தது. பெட்டியை எல்லாம் பக்கக் கதவு வழியாகத்தான் ஏற்ற வேண்டும். பெட்ரோல் போட முன் பானெட்டைத் திறக்க வேண்டும். ஸ்டெப்னியும் அங்கேதான். இன்ஜினைப் பார்க்க, பின் சீட்டை மடக்கி, மேலே கிடக்கும் சாமானை எல்லாம் இறக்கி, மூடியைக் கழற்ற வேண்டும். இதனாலேயே பலர் ஆயில் அளவைப் பார்ப்பதே இல்லை. நானோ இன்ஜின் பழுதானதற்கு வண்டியைவிட இந்தச் சோம்பல்தான் பல இடங்களில் காரணம் என்பது என் அபிப்பிராயம். நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக்தான். சுமையோடு இறக்கத்தில் வரும்போது கியரைக் குறைத்து, இன்ஜின் பிடியிலேயே இறக்குங்கள்.

எவ்வளவு ஏற்றலாம் என்று அடுத்த கடிதம் வரும் என்பதால் இப்போதே சொல்கிறேன். ஓட்டுபவர் தவிர மூன்று பெரியவர்கள் ஏறும் எடை, அதாவது 200 கிலோவுக்குள் நிறுத்திக்கொள்ளுங்கள். 45 கிலோ யூரியா மூட்டை மூன்று தாராளம். தக்காளி என்றால் எடைக்கு முன்னால் இடம் தீர்ந்துவிடும். மூட்டைக்கு அடியில் கெட்டியான தார்ப்பாய் கட்டாயம். சிந்திய யூரியா காற்றின் ஈரத்தை இழுத்துக்கொண்டு தரைத் தகட்டை அரித்துவிடும், உங்களுக்குத் தெரிய ஒரு வருடம் ஆகும். பூச்சிமருந்தை ஆட்கள் உட்கார்ந்திருக்கும் அறைக்குள் வைத்துக் கொண்டு போகாதீர்கள். மூடி இறுக்கமாக இருந்தாலும் வேண்டாம். இது நானோவுக்கு மட்டுமல்ல, எல்லா காருக்கும்தான்.

இனி, வண்டி புதுப்பிக்கத் தகுந்ததா என்று பார்க்கும் வேலை. நம்பிக்கையான மெக்கானிக் ஒருவரை வரவழைத்து முதலில் அடிப்பாகத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். கொட்டகை ஈரத்தில் நின்ற வண்டி என்றால், தரைத் தகடு, கதவின் அடி ஓரம், சஸ்பென்ஷன் சேரும் இடம் மூன்றிலும் ஸ்க்ரூடிரைவர் நுனியால் தட்டிப் பார்க்க வேண்டும். பொத்தென்று உள்ளே போனால் அங்கே டிங்கரிங் வேலை இருக்கிறது. சஸ்பென்ஷன் சேரும் இடத்திலேயே இரும்பு போயிருந்தால், மனதைக் கல்லாக்கிக்கொண்டு விட்டுவிடுங்கள்.

இரண்டாவது, வயர். கொட்டகையில் நின்ற வண்டிக்கு எலி ஒரு சத்துரு. இன்ஜின் மூடியைத் திறந்து, எலி கடித்த தடம், கூடு கட்டிய வைக்கோல், தேங்காய் நார் இருக்கிறதா பாருங்கள். சூடான சைலன்ஸருக்குப் பக்கத்தில் காய்ந்த வைக்கோல் இருந்தால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. 2010 நவம்பரில் நானோவுக்கு, வெப்பத்துக்கும் மின்சாரக் கோளாறுக்கும் கூடுதல் பாதுகாப்பு பாகங்களை டாடா நிறுவனம் இலவசமாகப் பொருத்திக் கொடுத்தது. உங்கள் வண்டி அந்தச் சமயத்தில் வந்தது. அவை இருக்கின்றனவா என்று கம்பெனி சர்வீஸ் நிலையத்தில் வண்டி எண்ணைக் கொடுத்துக் கேளுங்கள். அப்பா பாட்டுப் பெட்டி, கூடுதல் விளக்கு என்று வெளியில் ஏதாவது பொருத்தியிருந்தால், அந்த வயர்களைக் கழற்றிவிட்டு ஒழுங்காகப் போடச் சொல்லுங்கள்.

மூன்றாவது, பெட்ரோல் போகும் பாதை. இப்போது பங்கில் வருவது 20 சதவிகிதம் எத்தனால் கலந்த பெட்ரோல். நம் கரும்பும் மக்காச்சோளமும்தான் அது, குறை சொல்ல மனம் வரவில்லை. ஆனால், 2010 வண்டியின் ரப்பர் குழாய்கள் அதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. எத்தனால் ஈரத்தை உறிஞ்சும் குணம் உள்ளது. மாதக்கணக்கில் ஓடாமல் நின்ற வண்டியில் பழைய பெட்ரோலை முழுக்க இறக்கிவிட்டு, குழாய்களையும் ஃபில்டரையும் மாற்றிவிட்டு ஸ்டார்ட் செய்யுங்கள். கூலன்ட், பெல்ட், பிரேக் ஆயில், டயர் எல்லாம் வயதுக்காகவே மாற்ற வேண்டியவை. டயரில் பட்டன் எவ்வளவு இருக்கிறது என்பதைவிட, பக்கச் சுவரில் வெடிப்பு இருக்கிறதா என்பதைப் பாருங்கள். முன் டயரும் பின் டயரும் வேறு வேறு அகலம். கடைக்காரர் நான்கும் ஒன்றாகக் கொடுத்தால் வாங்காதீர்கள்.

பின் சக்கரத்துக்கு முன்னால் இரண்டு பக்கமும் காற்று வாங்கும் துவாரங்கள் இருக்கும். மண் பாதையில் ஓட்டுகிறவர்கள் அதில் சேரும் தூசியையும் சருகையும் வாரம் ஒருமுறை தட்டிவிட வேண்டும். பின்னால் இருக்கும் இன்ஜினுக்கு மூச்சு அது வழியாகத்தான்.

இவ்வளவுக்கும் சேர்த்து 30,000 ரூபாய்க்குள் முடியும் என்று மெக்கானிக் சொன்னால் செய்யுங்கள். 50,000-ஐத் தாண்டும் என்றால் வேண்டாம். நடுவில் நின்றால், உங்கள் மனசு என்ன சொல்கிறதோ அது. அப்பாவின் வண்டி என்பதற்கு நான் விலை போட முடியாது.

அடுத்து காகிதம். இதில்தான் நீங்கள் தாமதிக்கக் கூடாது. ஆர்.சி. உரிமையாளர் இறந்தால், 30 நாளுக்குள் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் தெரிவித்துவிட்டு, மூன்று மாதத்துக்குள் படிவம் 31 கொடுத்துப் பெயர் மாற்றியிருக்க வேண்டும். கெடு தாண்டிவிட்டதால் அபராதத்தோடு செய்ய வேண்டியிருக்கும். இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், மற்ற வாரிசுகளின் சம்மதக் கடிதம் வேண்டும். 15 ஆண்டு முடிந்த ஆர்.சி.யைப் புதுப்பிக்க படிவம் 25. இந்த வகை காருக்குக் கட்டணம் 2022 ஏப்ரலிலிருந்து 5,000 ரூபாய். தாமதமான ஒவ்வொரு மாதத்துக்கும் 500 ரூபாய் கூடுதல். பசுமை வரி தனி. வண்டியை நேரில் காட்ட வேண்டும். தேறினால் ஐந்து ஆண்டு கிடைக்கும். இன்ஷூரன்ஸும் புகைச் சான்றிதழும் உயிரோடு இருக்க வேண்டும். 1,000 சி.சி.க்குக் கீழே இருப்பதால், மூன்றாம் நபர் காப்பீட்டில் பெட்ரோல் கார்களிலேயே குறைந்த பிரீமியப் பிரிவுதான் உங்களுக்கு.

ஒருவேளை, புதுப்பிப்பதில்லை என்று முடிவு செய்தாலும் இரும்புக் கடைக்காரரிடம் அப்படியே தள்ளிவிடாதீர்கள். ஆர்.சி.யை ரத்து செய்யாமல் கொடுத்த வண்டி எங்கே போகிறது, யார் கையில் ஓடுகிறது என்பது தெரியாது. ஒரு விபத்தோ கடத்தலோ நடந்தால், நோட்டீஸ் வருவது உங்கள் அப்பா பெயருக்கு. அரசு பதிவு பெற்ற வாகனக் கழிவு மையத்தில் கொடுத்துச் சான்றிதழ் வாங்குங்கள்.

இப்போது மைத்துனர் சொன்னதில் சரியான பாதி. நானோவில் ஏர் பேக் கிடையாது. 2014-ல் குளோபல் என்கேப் அமைப்பு, மணிக்கு 64 கி.மீ. வேகத்தில் மோதவிட்டுப் பார்த்தபோது, நானோவுக்குக் கிடைத்தது பூஜ்ஜிய நட்சத்திரம். அதே சோதனையில் ஆல்டோ, ஐ10 எல்லாம் பூஜ்ஜியம்தான் வாங்கின. அதனால் இது நானோவின் தனிப் பாவம் அல்ல. ஆனால், எல்லாரும் வாங்கினார்கள் என்பதற்காக அடி குறைவாகப் படுமா? வேடசந்தூரிலிருந்து திண்டுக்கல் போகிற நான்குவழிச் சாலையில் கண்டெய்னர் லாரியும் ஆம்னி பஸ்ஸும் எந்த வேகத்தில் வருகின்றன என்று உங்களுக்குத் தெரியும். முன்பக்கம் லேசான இந்த வண்டி, பெரிய வண்டி கடக்கும் காற்றிலேயே கொஞ்சம் அலையும். அம்மாவை அந்தச் சாலையில் நானோவில் அழைத்துப் போகாதீர்கள். மாதம் ஒருமுறைதானே, பஸ்ஸில் போங்கள். முடியாத நாளில் வாடகை காரை அமர்த்திக்கொள்ளுங்கள். பெரிய காருக்கு மாதாமாதம் கட்டும் தவணையில் பத்து முறை போய் வரலாம். தோட்டத்துக்கும், ஊருக்குள்ளும், சந்தைக்கும் மட்டும் நானோ. 40 கி.மீ. வேகத்துக்குள் ஓடுகிற இடங்களில் அதற்கு ஈடான வண்டியை அந்த விலைக்கு நான் இன்னும் பார்க்கவில்லை.

---

‘‘நான் ஒரு நானோ வைத்திருக்கிறேன். பின்னால் கொக்கி அடித்து, சின்ன டிரெய்லரில் தண்ணீர் டிரம் இழுக்கலாமா?’’

- வாசகர், அரவக்குறிச்சி.

கூடாது. கொக்கி அடிக்க வேண்டிய இடத்தில் இன்ஜின் இருக்கிறது. இழுவைக்கு ஏற்ற சட்டமும் அங்கே கிடையாது, பிரேக்கும் அதைத் தாங்காது. 624 சி.சி. கிளட்ச் ஒரு சீசனில் கருகிவிடும். டிரம்முக்கு டிராக்டர் அல்லது மாடு. பக்கத்துத் தோட்டத்துச் சாமானை வாடகைக்கு ஏற்றுவதும் வேண்டாம். சொந்த உபயோகப் பதிவு வண்டியில் வாடகை ஓட்டி விபத்து நடந்தால், காப்பீட்டில் கை விரித்துவிடுவார்கள்.

---

‘‘எங்கள் பழைய வீட்டில் மாமனார் காலத்து சிபானி டால்ஃபின் கார் ஒன்று கிடக்கிறது. ஃபைபர் பாடி. கூரை ஓரத்தில் விரிசல். இன்ஜின் சுற்றுகிறது. இதைச் சரிசெய்யும் ஆள் இருக்கிறார்களா?’’

- வாசகி, ஓசூர்.

அம்மா, உங்கள் கடிதத்தைப் பார்த்ததும் எனக்கு வாயெல்லாம் பல். பெங்களூருவில் செய்த வண்டி அது. இங்கிலாந்தின் ரிலையன்ட் கிட்டன் என்ற காரை அடிப்படையாக வைத்து 1982-ல் வந்தது. 848 சி.சி. அலுமினிய இன்ஜின், இரண்டே கதவு, மேல்உடல் முழுக்கக் கண்ணாடி இழை. இரண்டு கதவு என்பதே நம் குடும்பங்களுக்குப் பிடிக்கவில்லை. ‘பின்னால் உட்கார சீட்டை மடக்கி நுழைய வேண்டுமா’ என்று பெரியவர்கள் முகம் சுளித்தார்கள். அடுத்த வருடம் டிசம்பரில் மாருதி 800 வந்து எல்லாரையும் அள்ளிக்கொண்டு போய்விட்டது.

கூரை விரிசலுக்குக் கவலை வேண்டாம். கார் பட்டறையில் கேட்டால் தலையைச் சொறிவார்கள். நாகப்பட்டினம், கடலூர் பக்கம் ஃபைபர் படகு பழுது பார்ப்பவர்கள் செய்கிற வேலைதான் இது. விரிசலின் இரண்டு பக்கமும் தேய்த்து, உள்பக்கமாக இழைப் பாயும் ரெசினும் போட்டு, காய்ந்ததும் மறுபடி தேய்த்து பெயின்ட் அடிக்க வேண்டும். ஓசூர், பெங்களூருவில் தண்ணீர்த் தொட்டி, ஃபைபர் கதவு செய்யும் கூடங்களிலும் கேளுங்கள்.

பயப்பட வேண்டியது மேல்உடலுக்கு அல்ல. அதைத் தாங்கும் அடிச்சட்டம் இரும்பு. மேலே துருவே பிடிக்காததால், கீழே துரு தின்றுகொண்டிருப்பது வெளியே தெரியாது. முதலில் வண்டியைத் தூக்கி அதைப் பாருங்கள். அலுமினிய இன்ஜின் என்பதால் ரேடியேட்டரில் வெறும் போர் தண்ணீரை ஊற்றி ஓட்டிப் பார்க்காதீர்கள். கூலன்ட் ஊற்றிய பிறகுதான் சாவி. ஆர்.சி. புத்தகம் இருக்கிறதா என்பதை நீங்கள் எழுதவில்லை. அது இருந்தால் அடிச்சட்டத்தின் படத்தோடு இன்னொரு கடிதம் போடுங்கள். சட்டம் தேறினால், செலவு எவ்வளவு ஆகும் என்று அடுத்த இதழில் சொல்கிறேன்.